சிறுதேரும் சொப்பும்

குழந்தைக்கு விளையாட்டே தொழில். பெரியோர் வயலிலும் ஆலையிலும் அலுவலகத்திலும் நாள் முழுதும் உழைக்கின்றனர். குழந்தையோ வீட்டுத் திண்ணையில் அதே முனைப்புடன் ஓர் உருளையை உருட்டியும், ஒரு கட்டையின்மேல் மற்றொரு கட்டையை அடுக்கியும், அடுக்கியதைத் தட்டிவிட்டு மீண்டும் அடுக்கியும் தன் பணியைச் செய்கின்றது. அப்பணிக்குரிய கருவிகளே விளையாட்டுப் பொருள்கள். தச்சன் தன் உளியைப் பார்த்து வாங்குகிறான். உழவன் தன் மண்வெட்டியைத் தட்டிப் பார்த்து எடுக்கிறான். குழந்தை தன் கருவியைத் தானே தேர்ந்துகொள்ள இயலாது. அதற்காகத் தேர்பவர் பெற்றோர். பல வீடுகளில் அண்ணனும் அக்காளும் தேர்கின்றனர். திருவிழாக் கடையில் தம்பிக்கென்று ஒரு மரவண்டியைக் கையில் எடுக்கும் சிறுவன், தான் அறியாமலே ஒரு பொறுப்பை ஏற்கின்றான்.

தமிழ்நாட்டில் இப்பொறுப்பில் நெடுங்காலமாகப் பங்குகொண்டு வந்தவர்கள் தச்சர்கள். சங்க நூல்களில் சிறுதேர் பல இடங்களில் உருள்கின்றது. தச்சன் செய்த சிறுதேரைச் சிறுவர் இழுத்து மகிழும் காட்சியைக் குறுந்தொகைப் பாடலொன்று உவமையாக எடுத்தாள்கின்றது. காவிரிப்பூம்பட்டினத்துச் சிறார் உருட்டிய தேர் மூன்று உருளைகளை உடையது என்று பட்டினப்பாலை காட்டுகின்றது. பெரும்பாணாற்றுப்படையிலோ, தேரை உருட்டி உருட்டித் தளர்ந்த குழந்தை, செவிலியிடம் பால் உண்டு உறங்கிவிடுகின்றது. பிற்காலத்தில் எழுந்த ஆண்பாற் பிள்ளைத்தமிழ் நூல்களில் பத்தாம் பருவத்துக்கே சிறுதேர்ப் பருவம் என்று பெயர். இத்தேர்களில் குழந்தை ஏறிச் செல்வதில்லை என்பது கருதத்தக்கது. தேர் குழந்தையைச் சுமந்து திரியவில்லை. குழந்தையே தேரை நடத்திச் சென்றது. உறக்கம் வருமளவுக்கு அது உழைத்ததும் அதனாலேயே ஆகும்.

இக்காலத்துக் கடைகளில் விற்கும் பொம்மைகளுட் பல தாமே ஓடுகின்றன, தாமே பாடுகின்றன, கண்ணைச் சிமிட்டி வண்ண ஒளியும் வீசுகின்றன. விசையை அழுத்திய பின்னர்க் குழந்தைக்கு எஞ்சிய வேலை பார்த்திருத்தல் ஒன்றே. முதல் நாள் வியந்து பார்க்கும். மறுநாள் சற்றே பார்க்கும். மூன்றாம் நாள் பொம்மை மூலையில் கிடக்கும். அது வைத்து வந்த அட்டைப்பெட்டியோ வீடாகவும் படகாகவும் மாறிக் குழந்தையின் கையில் பல நாள் உலவும். மரக்கட்டை தானாக ஒன்றும் செய்வதில்லை. கை பட்டால்தான் அது நகரும். குழந்தை நினைத்தால்தான் அது யானையாகும். ஆதலின் ஒரு விளையாட்டுப் பொருளைக் கையில் எடுத்ததும், ‘இது என்ன செய்யும்?’ என்று கடைக்காரரை வினவுவதினும், ‘இதைக்கொண்டு குழந்தை என்னென்ன செய்யும்?’ என்று எண்ணிப் பார்த்தல் நன்று. இழுக்கும், தள்ளும், அடுக்கும், ஒளிக்கும், பிறர்க்குக் கொடுத்து வாங்கும் என்று விடைகள் பெருகுமாயின், அப்பொருள் விலைக்கு ஏற்றதே.

எனினும், ‘மரத்தால் ஆனது’ என்னும் ஒரு சொல்லையே நம்பி வாங்கிவிடுதல் கூடாது. எம்மரம், அதன்மேல் பூசியது யாது, உறுப்புகள் எவ்வாறு பொருத்தப்பட்டுள்ளன, எத்தனை வயதுக் குழந்தைக்கு என்பன எல்லாம் பார்க்கப்படல் வேண்டும். இவற்றுள் ஒன்றில் பிழைபடினும் மரப்பொம்மை மற்றப் பொம்மைகளைப் போலவே தீங்கு செய்யும்.

முதற்கண் மரத்தின் இயல்பைக் காண்போம். வைரம் பாய்ந்த தேக்கும் கருங்காலியும் உறுதிமிக்கவை, ஆயினும் கனமானவை. ஒரு வயதுக் குழந்தை கட்டையை எறியாமல் இராது. எறிந்த கட்டை தன் காலிலோ அருகிலிருக்கும் குழந்தையின் நெற்றியிலோ விழாமலும் இராது. இலவம் போன்ற மிக மென்மையான மரம் பல் பட்டால் பள்ளம் விழும், உதிரவும் செய்யும். இரண்டுக்கும் இடைப்பட்ட கனமும், நெருங்கிய நாரோட்டமும் உடைய மரமே மழலையர்க்கு ஏற்றது. நாரோட்டம் நெருக்கமாயின் இழைத்தபின் வழவழப்பு நிற்கும்; சிராய் எழும்பாது. மரம் நன்கு உலர்ந்து பதப்பட்டிருத்தலும் வேண்டும். ஈரம் காயாத மரத்தில் செய்த பொம்மை, வாங்கிய கோடையிலேயே சுருங்கி வெடிக்கும். துளையில் இறுகி நின்ற ஆணியும் முளையும் தளர்ந்து கழன்று விழும். பொடித்த மரத்தைப் பசையிட்டு அழுத்திய பலகைகள் மலிவானவை. ஆனால் குழந்தையின் எச்சில் பட்டு ஓரம் ஊறி உப்பும். அவற்றின் பசையிலிருந்து பார்மால்டிகைடு என்னும் வளி கசிதலும் உண்டு.

இத்தகுதிகள் பலவும் ஒருங்கே அமைந்த மரம் ஒன்று தென்னாட்டுக் காடுகளில் வளர்கின்றது. அதுவே வெட்பாலை. அதன் இலையை எண்ணெயில் ஊறவைத்துச் சித்த மருத்துவர் தோல் நோய்க்குத் தைலம் செய்வர். அதன் கட்டை யானைத் தந்தம் போன்ற வெண்மையும் நுண்ணிய நாரும் உடையது. பெங்களூரிலிருந்து மைசூருக்குச் செல்லும் வழியில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சென்னபட்டணம் என்னும் ஊரின் புகழ் இம்மரத்தால் வந்தது. ஆந்திர நாட்டில் ஏட்டிகொப்பாக்கா என்னும் ஊரிலும் இம்மரமே பொம்மையாகின்றது. நம் திருநெல்வேலி மாவட்டத்து அம்பாசமுத்திரமும் மரக் கடைசல் பொம்மைகளுக்குப் பெயர் பெற்ற ஊராகும்.

கடைசல் பட்டறையில் வண்ணம் ஏற்றும் முறை காணத்தக்கது. அங்குத் தூரிகையும் இல்லை; வண்ணக் குழம்பும் இல்லை. மரத்துண்டைக் கடைசல் பொறியில் பொருத்திச் சுழலவிட்டு, உளியால் கடைந்து உருவாக்குவர். பின்னர், நிறம் கலந்து திரட்டிய அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தின்மேல் அழுத்துவர். உராய்வினால் எழும் வெப்பத்தில் அரக்கு உருகி மரத்தின்மேல் படரும். அதன்மேல் தாழை மடலை வைத்து அழுத்தினால் மெருகு ஏறும். சில நொடிகளில் வெறுங்கட்டை மாதுளைமுத்துப்போல் ஒளிரும். அரக்கு என்பது மரக்கிளைகளில் வாழும் ஒருவகைச் சிறு பூச்சி சுரக்கும் பிசின்; இலந்தையிலும் பலாசிலும் அப்பூச்சியை வளர்ப்பர். அரக்கைத் தூய்மை செய்து மாத்திரைகளுக்கும் இனிப்புப் பண்டங்களுக்கும் மேற்பூச்சாகவும் இடுகின்றனர். ஆதலின் அரக்கு தன்னளவில் குழந்தையின் வாய்க்கு அஞ்சத்தக்கதன்று. அரக்கோடு கலந்த நிறம் யாது என்பதே கேள்வி. மஞ்சளும் அவுரியும் போன்ற செடிநிறங்களைக் கலப்போரும் உளர். கடையில் விற்கும் வேதிச் சாயப்பொடியைக் கலப்போரும் உளர். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் மின்னும். வாங்குவோர் வினவித்தான் அறிதல் வேண்டும்.

வண்ணத்தைப் பற்றி இவ்வளவு வினவுதல் வேண்டுமா என்று சிலர் கருதலாம். குழந்தை உலகை முதன்முதலில் அறிவது வாயால் அன்றோ? கண்ணால் கண்டதைக் கை பற்றும். கை பற்றியதை வாய் சுவைக்கும். பொம்மையின் மேற்பூச்சு சுரண்டப்பட்டு வயிற்றுக்குள் செல்வது ஒவ்வொரு வீட்டிலும் நாள்தோறும் நிகழ்வதே. அப்பூச்சில் ஈயம் கலந்திருப்பின் தீங்கு பெரிது. நிறம் பளிச்சென்று விளங்கவும், விரைவில் உலரவும் வண்ணங்களில் ஈயச் சேர்மங்களைக் கலக்கும் வழக்கம் உலகெங்கும் நெடுநாள் இருந்தது. வயிற்றில் சேரும் ஈயத்தை வளர்ந்தோர் உடல் ஏற்பதைக் காட்டிலும் குழந்தையின் உடல் நான்கைந்து மடங்கு மிகுதியாக ஏற்கின்றது. அது வளரும் மூளையைத் தாக்கும். கற்கும் ஆற்றலைக் குறைக்கும். காய்ச்சலோ வலியோ காட்டாமல் இக்கேடு நிகழ்வதால், பெற்றோர் அதனை உணர்தல் அரிது. இவ்வளவு ஈயம் இருப்பின் கேடில்லை என்று சொல்லத்தக்க அளவே இல்லை என்பது உலக நலவாழ்வு அமைப்பின் கருத்து.

மரப்பொம்மையே ஆயினும் இத்தீங்கிற்கு விலக்கன்று. 2007-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் ஏறத்தாழ 15 இலட்சம் மர இரயில் பொம்மைகள் வீடுகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. மரத்தில் குற்றமில்லை, அதன்மேல் பூசிய வண்ணத்தில் ஈயம் இருந்ததே காரணம். இந்தியாவில் வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து இலட்சம் பங்கில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்னும் விதி 2016-இல் வகுக்கப்பட்டு, 2017 நவம்பரிலிருந்து நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசப்பட்ட வண்ணத்துக்கு அவ்விதி பொருந்தாது. ஆதலின் பரணில் கிடக்கும் பழைய வண்ணக் குதிரையையும், பாட்டனார் காலத்துத் தொட்டிலில் தொங்கிய கிளிகளையும் எடுத்து அப்படியே குழந்தையிடம் கொடுத்தல் அறிவுடைமையாகாது. அவற்றை அலமாரியில் வைத்துப் பார்த்து மகிழலாம். உப்புத்தாள் கொண்டு அவ்வண்ணத்தைத் தேய்த்தெடுக்க முயல்வது இன்னும் தீது. தூளாகிய ஈயம் வீடெங்கும் பரவும்.

ஈரமான வெள்ளைத் துணியால் பொம்மையை அழுத்தித் துடைத்துப் பார்த்தல் எளிய சோதனை. துணியில் நிறம் ஒட்டினால் அப்பொம்மையை விடுத்தல் வேண்டும். ஒட்டாவிடில் நிறம் நிலைத்தது என்று மட்டுமே பொருள். ஈயம் இல்லை என்று பொருளன்று. ஈயத்தைக் கண்ணும் மூக்கும் காட்டிக்கொடா, ஆய்வுக்கூடமே காட்டும். ஐயம் நீங்காதபோது வண்ணமே பூசாத மரப்பொம்மை சிறந்த துணை. வெறும் மரத்தின் நிறத்தைக் கண்டு குழந்தை வெறுப்பதில்லை. வெறுப்பவர் பெரும்பாலும் வாங்கிக் கொடுப்பவரே.

இனி, பொம்மையின் பருமனைப் பார்த்தல் வேண்டும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் மூச்சுக்குழல் மிகக் குறுகியது. இருமித் தள்ளும் ஆற்றலும் சிறிது. ஒரு மணியோ ஒரு சக்கர முளையோ அதனை அடைத்துவிட்டால், சில நிமிடங்களில் உயிருக்கே இடராய் முடியும். இதன் பொருட்டு ஆய்வாளர் ஓர் உருளைக் குழலை அளவுகோலாக வைத்துள்ளனர். அதன் உட்குறுக்களவு 3.17 செ.மீ.; சாய்ந்த அடியுடைய அக்குழலின் ஆழம் ஒரு பக்கம் 2.54 செ.மீ., மறுபக்கம் 5.71 செ.மீ. ஆகும். பொம்மையோ, அதிலிருந்து கழன்ற உறுப்போ, அழுத்தாமலே அக்குழலுள் முழுதும் அடங்குமாயின் அது மூன்று வயதுக்குட்பட்டோர்க்கு உரியதன்று. பள்ளி மாணவர் கெட்டி அட்டையைச் சுருட்டி, 4 செ.மீ. குறுக்களவும் 6 செ.மீ. நீளமும் உள்ள குழல் ஒன்றை எளிதில் செய்துகொள்ளலாம். ஆய்வுக் குழலினும் இது சற்று அகன்றதாதலின் பாதுகாப்பின் பக்கமே பிழைக்கும். வீட்டிலுள்ள பொம்மைகளை ஒவ்வொன்றாக அதில் இட்டுப் பார்க்கின், எதிர்பாராத பல பொருள்கள் உள்ளே மறையக் காணலாம். பந்துக்கு இவ்வளவும் போதாது. உருண்டையானது தொண்டையை முற்றிலும் அடைக்குமாதலின், 4.45 செ.மீ. குறுக்களவுக்குக் குறைந்த பந்து அவ்வயதினர்க்கு ஆகாது என்பது அமெரிக்க நாட்டு விதி.

சில மர இரயில்களில் பெட்டிகளை இணைக்கக் காந்தத் துண்டுகளைப் பதித்திருப்பர். அவை பெயர்ந்து, ஒன்றுக்கு மேற்பட்டவை வயிற்றினுள் சென்றால், குடல் மடிப்புகளின் இருபுறத்திலும் நின்று ஒன்றையொன்று ஈர்த்துக் குடலைத் துளைத்துவிடும். காந்தம் உள்ள பொம்மையை மழலையர்க்கு வாங்காது விடுதலே நேர்வழி. இழுக்கும் வண்டியில் கட்டிய கயிறு கழுத்தைச் சுற்றும் நீளமுடையதாக இருத்தலும் ஆகாது.

கைக்குழந்தைக்கு முதலில் வாங்கும் பொருள் கிலுகிலுப்பை. அதன் பிடி மெலிந்து, குழந்தையின் உள்ளங்கைக்குள் அடங்குதல் வேண்டும். ஆயின் அதன் முனை வாயினுள் ஆழச் செல்லாதபடி அகன்றிருத்தல் வேண்டும். ஒரே மரத்துண்டில் வளையம் வளையமாகக் கடைந்து எடுத்த கிலுகிலுப்பை இவ்வகையில் சிறந்தது. ஒட்டி இணைத்து உள்ளே மணி இட்டவற்றை ஒட்டு விடுகின்றதா என்று பலகாலும் பார்த்தல் வேண்டும்.

குழந்தை பிடித்துக்கொண்டு நிற்கத் தொடங்கியதும் நடைவண்டிக்கு உரிய காலம் வருகின்றது. முன்னே ஒரு சக்கரமும் பின்னே இரண்டு சக்கரமும், கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு குறுக்குச் சட்டமும் உடைய நடைவண்டி, பட்டினப்பாலை கூறும் மூவுருளைச் சிறுதேரை நினைவூட்டுவது. அதைப் பற்றி எழுந்து, தன் காலாலேயே நின்று, தன் வலிமையாலேயே தள்ளிச் செல்லும் குழந்தை, உடலின் நிறையைக் கால் மாற்றிக் கால் தாங்கக் கற்கின்றது. இருக்கையில் அமரவைத்துக் கால்களைத் தொங்கவிடும் வட்டமான உருள்வண்டி வேறு வகையினது. அது குழந்தையைத் தாங்கிக்கொள்வதால் நடைக்குரிய தசைகள் உரம்பெறா. படிக்கட்டிலிருந்து உருண்டு விழுதலும், அடுப்பின் அருகே விரைந்து செல்லுதலும் அதனால் நேர்கின்றன. குழந்தை மருத்துவர் பலர் அதனை வேண்டாம் என்பர். கனடா நாடு 2004-ஆம் ஆண்டில் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது.

நடைவண்டியிலும் ஒரு நுட்பம் உண்டு. அது பிறந்தது மண்தரை வீட்டில். சாணம் மெழுகிய தரையில் மரச்சக்கரம் மெல்ல உருண்டது. குழந்தையின் அடிக்கு ஈடாக வண்டி நகர்ந்தது. இன்றைய வீடுகளின் வழுக்குக் கல் தரையில் அதே வண்டி முன்னே ஓடிவிடும். பிடித்த குழந்தை முகம் குப்புற விழும். அச்சில் சற்று இறுக்கமாகச் சுழலும் சக்கரமும், சக்கரத்தின் விளிம்பில் ரப்பர்ப் பட்டையும் இவ்விடரைக் குறைக்கும். கடையிலேயே வண்டியை ஒருமுறை தரையில் தள்ளிப் பார்த்தல் வேண்டும். இலேசாகத் தொட்டதும் நெடுந்தூரம் ஓடும் வண்டி, காண்போர்க்கு நல்ல வண்டி. நடைபழகும் குழந்தைக்கு அன்று. குறுக்குச் சட்டம் குழந்தையின் மார்பளவினும் சற்றுத் தாழ்ந்திருப்பின் பிடித்தெழ எளிதாகும்.

நடை வந்த பின்னர்க் குழந்தையின் உள்ளம் அடுக்குவதிலும் கட்டுவதிலும் செல்கின்றது. மரக்கட்டைகளின் அருமையை உலகுக்கு உணர்த்தியவருள் தலையாயவர் செருமானிய நாட்டுப் பிரோபெல். 1782-இல் பிறந்த அவர், 1840-இல் தம் குழந்தைப் பள்ளிக்குக் ‘குழந்தைத் தோட்டம்’ என்னும் பொருள்படக் கிண்டர்கார்ட்டன் என்று பெயரிட்டார். கோளம், உருளை, கனசதுரம் என்னும் மர வடிவங்களையும், எட்டுச் சிறு கட்டைகளாகப் பிரியும் ஒரு பெரிய கனசதுரத்தையும் அவர் ‘பரிசுகள்’ என்று அழைத்தார். அப்பரிசுகளை 1876-ஆம் ஆண்டு பிலடெல்பியாப் பொருட்காட்சியில் கண்ட ஓர் அமெரிக்கத் தாய், தம் மகனுக்கு வாங்கித் தந்தார். அம்மகனே பின்னாளில் பெருங்கட்டடக் கலைஞராக விளங்கிய பிராங்க் லாயிட் ரைட். சிறுவயதில் கையாண்ட அக்கட்டைகள் தம் கலைக்கு வித்தாயின என்று அவர் முதுமையிலும் நினைவுகூர்ந்தார்.

நியூயார்க்கில் தச்சுக்கலை பயின்ற கரோலின் பிராட் என்னும் ஆசிரியை, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேறொரு கட்டை வரிசையை அமைத்தார். அதன் அடிப்படைக் கட்டை ஐந்தரை அங்குல நீளமும், அதில் பாதி அகலமும், அகலத்தில் பாதிக் கனமும் உடையது. மற்றக் கட்டைகள் எல்லாம் அதன் பாதியாகவோ இரட்டையாகவோ நான்கு மடங்காகவோ அமையும். இரண்டு சிறு கட்டைகளைச் சேர்த்தால் ஒரு பெரிய கட்டையின் நீளம் வருகின்றது என்று குழந்தையின் கை கண்டுகொள்கின்றது. ‘அரை’ என்னும் சொல்லைக் கற்குமுன்னரே அரையும் அரையும் ஒன்று என்பதனை அது அறிந்துவிடுகின்றது. இக்காரணத்தால் கட்டைகள் வாங்கும்போது வண்ணத்தைக் காட்டிலும் அளவின் செம்மையைப் பார்த்தல் வேண்டும். பத்துக் கட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாகக் கடைப்பலகையின்மீது அடுக்கினால் உண்மை விளங்கும். ஒவ்வொன்றிலும் நூலளவு கோணல் இருப்பினும் கோபுரம் சாயும். குழந்தை தன் கையின் பிழை என்று எண்ணி மனம் சலிக்கும், பிழையோ தச்சனுடையது.

இத்தாலிய அம்மையார் மாண்டிசோரி, 1907-இல் உரோமாபுரியில் தம் முதற் பள்ளியைத் தொடங்கியவர். 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தமையால், தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கும் அவர் முறை நேரே வந்து சேர்ந்தது. அவர் வகுத்த இளஞ்சிவப்புக் கோபுரத்தில் பத்துக் கனசதுரங்கள் உள்ளன. மிகச் சிறியதன் பக்கம் 1 செ.மீ., மிகப் பெரியதன் பக்கம் 10 செ.மீ. சிறந்த கல்விக் கருவியே ஆயினும், அதன் முதலிரண்டு கட்டைகள் முற்கூறிய ஆய்வுக் குழலுள் அடங்கிவிடும். மூன்று வயது நிறைந்த குழந்தைக்கு, பெரியவர் அருகிருக்க, அது உரியது. ஆறு மாதத் தங்கை தவழும் அறையில் அது கிடத்தல் ஆகாது.

சொப்பும் அத்தகையதே. பானை, அகப்பை, உரல், உலக்கை, அம்மி, திருகை என்று ஒரு குடும்பத்தின் சமையலறை முழுவதையும் ஓர் ஓலைப்பெட்டியில் அடக்கிய பெருமை நம் கடைசற்காரர்க்கு உரியது. அம்மியும் திருகையும் காணாத இக்காலக் குழந்தை, அவற்றின் பெயரையும் பயனையும் சொப்பிலிருந்தே கற்கின்றது. சோறு பொங்கி, விருந்தினரை அழைத்து, “இன்னும் கொஞ்சம் குழம்பு விடட்டுமா, அத்தை?” என்று கேட்கும் குழந்தை, பேச்சையும் பழக்கத்தையும் ஒருங்கே பயில்கின்றது. இதனைப் பெண் குழந்தைக்கு மட்டும் உரியதென்று ஒதுக்குவதில் பொருளில்லை. ஆண்பிள்ளையும் பசித்தால் உண்பவனே. சொப்பின் மூடிகளும் உலக்கைகளும் மிகச் சிறியனவாதலின், மூன்று வயதுக்குப் பின்னரே அப்பெட்டியைத் திறத்தல் வேண்டும்.

மரப்பாச்சியில் இவ்விடர் குறைவு. தலையும் கையும் காலும் ஒரே கட்டையில் செதுக்கப்பெறுவதால் அதில் கழன்று விழுவது ஒன்றுமில்லை. நகையும் உடையும் குழந்தையே உடுத்தி அழகு பார்க்க வேண்டியிருப்பதால், கைக்கும் கற்பனைக்கும் வேலை மிகுதி. ஆணும் பெண்ணுமாக இணைந்த மரப்பாச்சிகளைக் கொலுவில் வைத்தலும், மணமகளுக்குச் சீராகக் கொடுத்தலும் பழைய வழக்கம். முற்காலத்தில் திருப்பதிப் பக்கத்துச் செம்மரத்தில் இவை செய்யப்பட்டன. அம்மரம் அருகி வருவதால், 1995 முதல் அதன் பன்னாட்டு வாணிகம் ஓர் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் வந்துள்ளது. இன்று வேறு மரங்களில் செய்து செந்நிறம் ஊட்டிய மரப்பாச்சிகளும் விற்கப்படுகின்றன. இங்கே அந்த ஈரத்துணி பயன்படும்.

விசயவாடாவை அடுத்த கொண்டபள்ளியின் மரப்பொம்மைகள் அழகில் எவற்றுக்கும் குறைந்தன அல்ல. மென்மையான பொணிக்கி மரத்தில் உறுப்புகளைத் தனித்தனியே செதுக்கி, புளியங்கொட்டைப் பசையும் மரத்தூளும் கலந்த கலவையால் ஒட்டி, வண்ணம் தீட்டுவர். அம்பாரி யானையும் தசாவதாரமும் அவர்கள் கைவண்ணம். இவை கொலுப்படியில் நின்று கண்ணுக்கு விருந்தளிக்கப் பிறந்தவை. வாயில் வைத்துச் சுவைக்கவோ தரையில் எறியவோ செய்யப்பட்டன அல்ல. காட்சிப் பொம்மையையும் விளையாட்டுப் பொம்மையையும் வேறு பிரித்தறியாமல் வாங்கிவந்து, பின்னர்க் குழந்தை உடைத்துவிட்டது என்று கடிந்துகொள்ளும் பெற்றோர் பலர்.

வாங்குவோர்க்கு அரசின் துணையும் உண்டு. 14 வயதுக்குட்பட்டோர்க்குரிய விளையாட்டுப் பொருள்கள் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை பெற்றிருத்தல் வேண்டும் என்னும் ஆணை 2020-இல் பிறந்து, 2021 சனவரி முதல் நடைமுறையில் உள்ளது. ஆயினும், கைவினை ஆணையரிடம் பதிவு செய்துகொண்ட கைவினைஞர்க்கும், புவிசார் குறியீடு பெற்ற பொருள்களை ஆக்கும் உரிமையுடையோர்க்கும் அவ்வாணையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. சிறு பட்டறைகள் ஆய்வுச் செலவைத் தாங்கமாட்டா என்பதால் அவ்விலக்கு வேண்டியதே. எனவே கைவினைச் சந்தையில் முத்திரை இல்லாத பொம்மை, தீய பொம்மை என்றாகாது; அங்கு வாங்குவோன் கண்ணும் செய்தவன் நேர்மையுமே முத்திரை.

அந்நேர்மைக்கு ஒரு செய்தி சான்றாகும். டென்மார்க்கு நாட்டின் பில்லுண்டு என்னும் சிற்றூரில் ஓலெ கிர்க் கிறித்தியான்சன் என்னும் தச்சர் 1932-இல் மரப்பொம்மைகள் செய்யத் தொடங்கினார். மர வாத்துகளுக்கு மூன்று முறை மெருகெண்ணெய் பூசுவது அவர் வழக்கம். ஒருநாள் அவர் மகன், இரண்டு பூச்சோடு நிறுத்தி, பெட்டியை இரயில் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு வந்து, செலவை மிச்சப்படுத்தினேன் என்று மகிழ்ந்து கூறினான். தந்தை மகிழவில்லை. உடனே சென்று பெட்டியை மீட்டு வந்து, மூன்றாம் பூச்சை இரவோடிரவாகத் தனியே முடிக்குமாறு பணித்தார் என்பர். அத்தச்சர் தொடங்கிய லெகோ நிறுவனம் 1960-இல் மரப்பொம்மைத் தொழிலை விடுத்தது. இன்று அது நெகிழிக் கட்டைகளால் உலகெங்கும் அறியப்படுகின்றது.

மரப்பொம்மைக்கு உள்ள மற்றொரு நன்மை, அதனைப் பழுது பார்க்க முடிதல். சக்கரம் உடைந்தால் தெருமுனைத் தச்சர் வேறொன்று கடைந்து பொருத்துவார். சிராய் எழுந்த இடத்தை வீட்டிலேயே நுண்ணிய உப்புத்தாளால் தேய்க்கலாம். ஆனால் அது வண்ணம் பூசாத பொம்மைக்கே ஏற்ற முறை. அழுக்கேறிய பொம்மையை நீரில் ஊறவைத்தால் மரம் உப்பி வெடிக்கும். ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்துதல் போதும். வெளிறிய மரத்துக்கு ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லியதாகத் தேய்க்கலாம். வண்ணக்கடையில் கிடைக்கும் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயில் உலோக உப்புகள் கலந்திருத்தல் கூடுமாதலின், கலப்பற்ற எண்ணெயையே கேட்டு வாங்குதல் வேண்டும். தேய்த்த துணியைச் சுருட்டி எறிந்தால் அது தானே சூடேறித் தீப்பற்றுதலும் உண்டு. விரித்துக் காயவிடுதல் வேண்டும். எண்ணெய் நன்கு காய்ந்து, தொட்ட விரலில் பிசுக்கு ஒட்டாத நிலை வந்தபின், நடைவண்டியை அடுத்த குழந்தையின் கையில் கொடுக்கலாம்.